இளவரசர் வீட்டுப் பத்திரிகையில் இல்லாத பிள்ளை

எனக்கென்று ஓர் இளவரசர் இருந்தார். ஜெர்மன்காரர். அவர் செத்து இருநூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஒன்பது வருடம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்குள் வந்து என்னை யாராவது விசாரித்தால், "அந்த ஜெர்மன் ராஜா பொண்ணா? அந்தா, பச்சை கேட்டு" என்று கைகாட்டுவார்கள்.

ராஜா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சோழவந்தானில் பஸ் ஏறினால் அலங்காநல்லூர் வருவதற்குள் அவர் நாடு முடிந்துவிடும். அந்தக் காலத்து ஜெர்மனி முழுக்க இப்படிக் குட்டிக் குட்டி நாடுகள். அதில் இவருடையது கடைசி வரிசை. படை என்று முப்பது பேர் இருந்தார்கள், அதில் பாதிப் பேர் வாத்தியம் வாசிக்கிறவர்கள். புல்லாங்குழல் ஊதுவார், மான் வேட்டைக்குப் போவார், மீதி நேரமெல்லாம் யாருடனாவது சண்டை. ஆற்றுப் பாலத்தில் தன் வண்டி முதலில் போவதா, பக்கத்து நாட்டுக்காரர் வண்டி முதலில் போவதா என்று பதினோரு வருடம் கடிதம் எழுதிக் கொண்டிருந்த மனிதர் அவர். படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பாக வரும். இந்த ஆளை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேனே, எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முன்வரிசை நாற்காலிக்கு மல்லுக்கட்டுகிறவர்களில் ஒருவர்தானே என்று தோன்றும்.

மதுரையில் உட்கார்ந்துகொண்டு அவரை ஏன் பிடித்தேன் என்று கேட்காதவர்கள் இல்லை. வரலாறு எம்.ஏ. படிக்கும்போதே மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போனபோது என் கைடு, அதாவது வழிகாட்டிப் பேராசிரியர், "நாயக்கர் காலத்துக்கு என்கிட்ட ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்கம்மா. ஜெர்மன் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்திதான்" என்றார். அந்த இளவரசர் குடும்பத்துக் காகிதங்களை எல்லாம் அந்த ஊர் ஆவணக் காப்பகம் இணையத்தில் ஏற்றியிருந்தது. பழைய ஜெர்மன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதைப் படிக்கப் பழகவே ஒன்றரை வருடம் போனது.

அம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஊரார் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, பிறகு அப்பாவும் அவளுமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி, என்னைப் படிக்க வைத்தவள்.

"ஏண்டி, நம்ம பூட்டன் பேரு என்னன்னு எனக்கும் தெரியாது, உங்கப்பனுக்கும் தெரியாது. நீ என்னடான்னா எவனோ வெள்ளைக்காரன் வீட்டுல எம்புட்டுப் பிள்ளைன்னு எண்ணிக்கிட்டு இருக்க" என்பாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைக்கு முன்னால் இருந்த யார் பெயரும் தெரியாது. எழுதி வைக்க ஆளும் இல்லை, காகிதமும் இல்லை. அவர்கள் வீட்டிலோ நாய் போட்ட குட்டிகளுக்குக்கூடப் பதிவு இருந்தது. அந்தப் பொறாமையும் எனக்கு உண்டு. ஒளிப்பானேன்.

இளவரசருக்குப் பதினொரு பிள்ளைகள். நான்கு கைக்குழந்தையாகவே போய்விட்டன. மூன்றாவது மகன் ஒன்பது வயதில் அம்மை கண்டு இறந்தான் என்று அந்தக் குடும்பத்தாரே பின்னாளில் எழுதவைத்த வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. அதைப் பார்த்து எழுதிய எல்லாப் புத்தகங்களும் அப்படியே சொல்லின. நானும் என் இரண்டாவது அத்தியாயத்தில் ஒரே வரியில் அவனைக் கொன்றுவிட்டு மேலே போய்விட்டேன்.

உதவித்தொகை நின்றுபோன பிறகு, கீழவாசல் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலைக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற வசந்த விழா, புதுமனை புகுவிழா. முதலாளி சௌராஷ்டிரக்காரர். எங்களிடம் தமிழில் தன்மையாகப் பேசுவார். பேப்பர் லோடு வரவில்லை என்றால் போனில் அவர்கள் பாஷையில் வெடிப்பார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் லோடு அன்றைக்கு வராது என்பது மட்டும் புரிந்துவிடும்.

பத்திரிகை அடிக்கிற இடத்தில் எழுத்துப் பிழையை யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பெயர் விட்டுப்போனால்தான் தொலைந்தோம். பெரிய மாமா பெயருக்குக் கீழே சின்ன மாமா வர வேண்டும், தாய்மாமன் பெயர் தனியாகப் பளிச்சென்று தெரிய வேண்டும், போன தேர்தலில் தோற்றவருக்கும் பட்டம் போட வேண்டும். இறந்தவர்களுக்குப் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு'. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தெய்வத்திருவை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். உயிரோடிருந்த அந்தப் பெரியவர் நேரில் வந்து, "நான் போயிட்டனாத்தா?" என்று கேட்டார். மறுபடி அடித்துக் கொடுத்தோம்.

ஒரு நாள் அவனியாபுரத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணத்துக்கு எழுதிக் கொண்டுவந்தார். சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். தெய்வத்திரு மட்டுமே ஐந்து பேர். முதல் பத்திரிகையை, அதாவது அவர்கள் வீட்டில் போன வருடம் நடந்த மூத்த மகள் கல்யாணத்து அழைப்பை, மாதிரிக்காகக் கொடுத்திருந்தார். அதில் இருந்த பெரியப்பா பெயர் இதில் இல்லை.

"அண்ணே, பொண்ணோட பெரியப்பா பேரு விட்டுப்போச்சே. இறந்துட்டாரா? தெய்வத்திரு போட்டுரவா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்திருந்தாத்தான் போட்டிருப்பேன்ல? உசுரோட இருக்கான். அதான் போடல."

அவர் போய்விட்டார். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். ஒரு வாய் வைத்திருப்பேன், கை அப்படியே நின்றுவிட்டது.

இளவரசரின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது அரண்மனையில் ஒரு தாள் அச்சடித்தார்கள். நம் பத்திரிகை மாதிரியேதான். பெண்ணின் அப்பா, அம்மா, சித்திமார், பட்டம் பதவியோடு உடன்பிறந்தவர்கள், அதற்குக் கீழே காலமான உடன்பிறந்தவர்கள். அந்தத் தாள் மூன்று வருடமாக என் செல்போனில் இருந்தது. அன்றைக்குச் சோற்றுக் கையோடு அதைத் திறந்து எண்ணினேன். உயிரோடு இருப்பவர்கள், மணப்பெண்ணையும் சேர்த்து ஆறு பேர். காலமானவர்கள் நான்கு. பிறந்து பதினேழு நாளில் போன குழந்தைக்குக்கூட முழுப்பெயர் போட்டு 'தெய்வத்திரு' போட்டிருந்தார்கள். பதினொன்று பெற்றவர்கள் பத்துப் பேரைத்தான் காட்டியிருந்தார்கள். மூன்றாவது மகன் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

ஒன்பது வயதில் செத்திருந்தால் அவன் பெயர் இருந்திருக்கும்.

"அய்யோ, உசுரோட இருந்திருக்கான்!" என்று கத்திவிட்டேன். கட்டிங் மெஷினில் யாருக்கோ கை போய்விட்டது என்று நினைத்து முதலாளி செருப்பில்லாமல் ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "ஏம்மா, நம்ம பார்ட்டியா?" என்று கேட்டார். ஜெர்மனி பார்ட்டி என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு போனாலும், போகும்போது, "பேர எடுத்திருக்காங்கன்னா பய ஏதோ பெருசாத்தான் செஞ்சிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கைடு நல்ல மனிதர். பயந்த மனிதர். நான் புதிதாக எழுதிய அத்தியாயத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா யூகம். ஒரு பேர் இல்லைங்கிறத வச்சு ஒரு ஆள் இருந்தான்னு சொல்ற. இது உனக்குக் கடைசி நீட்டிப்பு. பரீட்சகர் திருப்பி அனுப்பினா மறுபடி எழுத டைம் கிடையாது. பதிவே ரத்தாயிரும். ஒன்பது வருஷம் போயிரும். அந்தக் காலேஜ் வேலையும் போயிரும். இந்த ஒரு அத்தியாயத்த எடுத்துட்டா மிச்சம் கண்ண மூடிக்கிட்டு பாஸ்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பட்டத்தோடு வந்தால் ஒரு கல்லூரியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது. சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்கு மூக்கின் மேல் கோபம், வந்தது வேறு.

"ஒரு தடவை அவங்கப்பன் அவன் பேர எடுத்தான். ரெண்டாவது தடவை என்னை எடுக்கச் சொல்றீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வீரமாகப் பேசிவிட்டேனே தவிர எனக்குப் பயம்தான். எழுதி வைக்கிற வசதியே இல்லாததால் பெயர் தொலைந்த வீடு எங்களுடையது. எல்லாவற்றையும் எழுதி வைத்த வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் வேண்டுமென்றே எழுதாமல் விட்டது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். ஆராய்ச்சி முறைமை, கோட்பாடு என்றெல்லாம் பின்னால் எழுதியது ஒப்புக்கு.

ஆய்வேட்டைக் கொடுத்து ஐந்து மாதம் கழித்து அறிக்கைகள் வந்தன. ஒரு பரீட்சகர் பாராட்டியிருந்தார். மற்றவர், இந்த அத்தியாயம் கற்பனை, அச்சுப் பிழையை ஆதாரமாக்கியிருக்கிறார், வாய்மொழித் தேர்வில் இதை நிறுவ வேண்டும், நிறுவாவிட்டால் ஆய்வேட்டை ஏற்கப் பரிந்துரைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். தேர்வுக்கு நாள் குறித்துவிட்டார்கள். இரண்டரை மாதம் இருந்தது.

அதில் ஆறு வாரத்தை என் முட்டாள்தனத்தில் வீணாக்கினேன். வீட்டில் துரத்திவிட்ட பிள்ளை எங்கே போவான்? தாய்மாமன் வீட்டுக்குப் போவான். இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் அம்மாவின் அண்ணன் இன்னொரு குட்டி நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். அவர் ஊர்த் தேவாலயப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பிறப்பு, கல்யாணம், சாவு, எதிலும் அவன் இல்லை. கடைசியில் அந்த மாமன் மருமகன் பெயரைச் சொல்லி இளவரசருக்கு எழுதிய கடிதம் கண்ணில் பட்டது. "அவன் என் வாசலுக்கு வந்தால் நாயை அவிழ்த்து விடுவேன்" என்று எழுதியிருந்தார். தாய்மாமன் எழுதுகிற எழுத்தா அது! ஊரில் பந்தக்கால் நடுவதற்குக்கூடத் தாய்மாமனுக்குக் காத்திருக்கிற கூட்டத்தில் பிறந்தவள் நான். அந்த ஆளை நேரில் பார்த்திருந்தால் நாலு கேட்டிருப்பேன்.

ஆனால் அந்தக் கடிதத்தால் ஒரு லாபம். மருமகன் உயிரோடு இருந்தான், கடிதத்துத் தேதிப்படி இருபத்திரண்டு வயதில் யார் வாசலுக்கோ போகிற நிலைமையில் இருந்தான் என்பது உறுதியானது. அடுத்த கேள்வி, ஏன்? எல்லாரும் இப்படிப்பட்டவனைப் பட்டாளத்துப் பட்டியலில் தேடியிருப்பார்கள். நான் முதலாளி சொன்னதை நினைத்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன் பெயரைக் குடும்பமே சேர்ந்து எடுக்க வேண்டுமென்றால் அவன் பெரிதாகச் செய்திருக்கக்கூடிய காரியம் எங்கள் ஊரில் ஒன்றுதான். பிடித்த பெண்ணைக் கட்டியிருப்பான்.

அப்படிக் கட்டுகிறவன் சொந்த ஊரில் கட்ட மாட்டான். நம் பிள்ளைகள் மதுரைக்காரர்கள் என்றால் திண்டுக்கல் போய்ப் பதிவு செய்வார்கள், திண்டுக்கல்காரர்கள் இங்கே வருவார்கள். அப்பா கை எட்டாத இடமாக இருக்க வேண்டும், நடந்து போய்ச் சேரக்கூடிய இடமாகவும் இருக்க வேண்டும். யார் வண்டி முதலில் என்று சண்டை போட்ட அந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த நாட்டில், எல்லையை ஒட்டிய முதல் கிராமத்துப் பதிவேட்டைத் திறந்தேன்.

மூன்றாவது நாள், அச்சகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கிடைத்தான். கல்யாணப் பதிவு. பட்டம் எதுவும் இல்லாமல் அவன் பெயர். பெண், மாவு மில் வைத்திருந்தவர் மகள். காற்றாடி மில் இல்லை, ஆற்றுத் தண்ணீரில் ஓடுகிற மில். இதே பெயரில் வேறொருவனாக இருக்கலாமே என்று அந்தப் பரீட்சகர் கேட்பார் என்று தெரியும். அதனால் அடுத்த வருடப் பக்கங்களைப் புரட்டினேன். மூத்த பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் என்ற இடத்தில் இளவரசரின் மூத்த மகள் பெயர் முழுப் பட்டத்தோடு இருந்தது. நேரில் வரவில்லை, சார்பாக மில்காரர் மனைவி நின்றார் என்று போதகர் குறித்திருந்தார். அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல்: குழந்தையின் அத்தை.

யார் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயரை எடுத்தார்களோ, அதே அக்கா. அப்பாவுக்குத் தெரியாமல் அத்தை முறை செய்திருக்கிறாள்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. முதலாளியே வந்து, "என்னம்மா, ஜெர்மனி பார்ட்டி கிடைச்சுட்டானா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அச்சகத்தில் இருந்த எல்லாருக்கும் ஜிகர்தண்டா வந்தது.

வாய்மொழித் தேர்வு பொது நிகழ்ச்சி, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சாதாரணமாகப் பத்துப் பேர் வருவார்கள், பிஸ்கட் கொடுக்கும்போது பதினைந்து பேர் ஆவார்கள். எனக்கு ஹால் நிறைந்திருந்தது. அச்சகத்துக்கு அரை நாள் லீவு விட்டு முதலாளி எல்லாரையும் கூட்டி வந்திருந்தார். அம்மா பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கைடு என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பரீட்சகர் வெளியூர்க்காரர். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பு இல்லை. முதல் கேள்வியே அதுதான். "விட்டுப்போனது அச்சுப் பிழை இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"அந்தத் தாள் ரெண்டு தடவை அச்சடிச்சிருக்காங்க சார்." இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "முதல் தடவை ஒரு சித்தி பட்டத்துல தப்பு. அதைத் திருத்தி மறுபடி அடிச்சிருக்காங்க. சித்தி பட்டத்தைக் கவனிச்சவங்க பெத்த பிள்ளை பேர் இல்லாததைக் கவனிக்காம இருந்திருப்பாங்களா? நான் இதே தொழில்ல இருக்கேன். பேர் விட்டுப்போனா அன்னிக்கே வந்து சட்டையப் பிடிப்பாங்க. யாரும் வரலைன்னா, வேணும்னு விட்டதுன்னு அர்த்தம்."

பின்வரிசையிலிருந்து முதலாளி, "கரெக்ட்டும்மா" என்றார். கைடு திரும்பி முறைத்தார்.

"அது விளக்கம். ஆதாரம் எங்கே?" என்றார் பரீட்சகர்.

மாமனின் கடிதத்தைப் போட்டேன். கல்யாணப் பதிவைப் போட்டேன். ஞானஸ்நானப் பக்கத்தைப் போட்டு, அந்த இரண்டு சொல்லைப் பெரிதாக்கி, வரி வரியாகப் படித்து மொழிபெயர்த்தேன். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்தப் பழைய எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். "என் அறிக்கையில் கற்பனை என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் வழங்கலாம் என்று பரிந்துரைக்கிறேன். இந்த அத்தியாயம் ஜெர்மனியிலேயே வெளியாக வேண்டும்."

கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. அழுதுகொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல இருந்தது, சொல்லியும்விட்டேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அன்றைக்கே பதிவேட்டுப் பக்கங்களை எல்லாம் அந்த ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினேன். நாலு மாதம் சத்தமே இல்லை. நான் கல்லூரியில் சேர்ந்து முதல் வாரம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது, திருத்திவிட்டோம் என்று. வீட்டுக்கு வந்ததும் அவர்கள் இணையத்தில் போட்டிருந்த வம்ச வரைபடத்தைத் திறந்து அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவளுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது. மேலே இளவரசர், அவருக்குக் கீழே பிள்ளைகள் வரிசை என்று விரல் வைத்துக் காட்டினேன். மற்ற கோடுகளுக்கு நடுவே மூன்றாவது மகனிடமிருந்து புதிதாக ஒரு கோடு இறங்கியது.

"இந்தா கீழ இருக்கதெல்லாம் யாரு?"

"அவன் பிள்ளைக. எழுபத்தொரு வயசு வரைக்கும் இருந்திருக்கான்மா."

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து விரல் விட்டு எண்ணினாள். ஒரு தடவை எண்ணி, நம்பாமல் மறுபடி எண்ணினாள். அதற்குக் கீழே இருந்த வரிசையையும் எண்ணப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். பிறகு தொடையில் தட்டி, அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

"அடியாத்தீ! ஒம்பது வயசுல செத்த பய, ஏழு பிள்ளையப் பெத்து, பேரன் பேத்தி அம்புட்டையும் பாத்துட்டுல போயிருக்கான்!"